பதின்வயதுப் பிள்ளைகள் நடித்த இசை நாடகம்: அரங்கில் நீங்கள் கண்டது என்ன?

ஏழாவது வரிசை, நடைபாதை ஓரம்

என் அண்ணன் மகள் நடித்த இசை நாடகத்தைப் போன வாரம் பார்த்தேன். ‘நடித்த’ என்பது அவள் சொல். கூட்டத்தோடு நின்று நான்கு பாட்டுக்குக் குரல் கொடுத்தாள். ஒரு காட்சியில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். மேடையேறிய 22 பேரில் மூத்தவனுக்கு வயது 17, எல்லோருக்கும் இளையவளுக்கு 13.

நாடகம் எப்படி இருந்தது என்று எழுதப்போவதில்லை. பார்க்க வந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதுதான் ஒரு வாரமாக மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் 20 நிமிடம் அரங்கம் முழுவதும் ஒன்றாகக் கைதட்டவே இல்லை. ஒரு பையன் உள்ளே வந்தால் வலது பக்கம் ஐந்தாறு பேர் தட்டினார்கள். ஒரு பெண் வந்தால் பின்னால் ஒரு கூட்டம் ஆரவாரித்தது. யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். நாற்காலி வந்தபோது என் பங்குக்கு நானும் தட்டினேன், மறைப்பானேன்.

பிறகு தாய் வேடத்தில் ஒரு பெண் வந்தாள். 15 வயது இருக்கும். நரைமுடி டோப்பா, வளைத்துக்கொண்ட முதுகு. அரங்கமே சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன். குழந்தை அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. மகன் கழற்றி வீசிய சட்டையை எடுத்தாள். கைகளை உள்ளே மடக்கி, முழங்கால்மேல் வைத்து உள்ளங்கையால் நீவினாள். ஒரு பொத்தானைக் காணோம். பொத்தான் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பேசுவதுபோலவே பாட்டை ஆரம்பித்தாள். அவள் நீவிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு அடங்கிவிட்டது. ‘உஷ்’ என்று யாரும் யாரையும் அதட்டவில்லை. எனக்கு முன்னால் ஒருவர் தொடக்கத்திலிருந்தே செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி மடியில் தங்கிவிட்டது. பதிவை நிறுத்த அவருக்குத் தோன்றவில்லை. சிவப்புப் புள்ளி மினுங்கிக்கொண்டே இருக்க, செல்பேசி அவருடைய கால்சட்டையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

இடைவேளையில் பக்கத்து இருக்கைக்காரர், “பிள்ளைகள்தானே, இவ்வளவு செய்ததே பெரிது” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதேனும் நேர்ந்திருந்தால் எழுதுங்கள். எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இடம் மாறினால் நாடகமும் மாறிவிடுகிறது.

பால்கனி, கடைசி வரிசை

நான் பார்த்தவை தலைகளும், தலைகளுக்கு அப்பால் தீப்பெட்டி அளவில் ஒரு மேடையும். முகம் சரியாகத் தெரியாததால் நடிப்பவர்களின் வயதே மறந்துபோய்விட்டது. கடைசிப் பாட்டில் அழுதேன். வெளியே வந்தால், சற்றுமுன் உயிரை விட்ட அதே பையன் வேடம் கலைக்காமல் அப்பாவிடம் பசிக்கிறது என்று சிணுங்கிக்கொண்டு நிற்கிறான். இவனுக்காகவா அழுதேன் என்று கோபமே வந்தது.

மேடையின் மேல்

உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு இல்லை. 14 வயதில் அந்த மேடையில் நின்றவன் நான்.

கதாநாயகன் வேடம். ஆள் எடுத்தபோது ஐந்து கட்டையில் கூசாமல் பாடிக் காட்டினேன். ஐந்து மாத ஒத்திகைக்குள் மகரக்கட்டு வந்து சேர்ந்தது. பையன்களுக்கு அந்த வயதில் குரல்வளை வளர்கிறது, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறது. ஒரேயடியாக இறங்கித் தொலைத்தால் பரவாயில்லை. இறங்குகிற வழியில் எந்தப் படியில் வழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. காலையில் ஒரு குரல், மாலையில் ஒரு குரல். இசையமைத்தவர் சுருதியை மூன்றுக்கு இறக்கினார், பிறகு இரண்டரைக்கு. என்னோடு ஜோடிப் பாட்டுப் பாட வேண்டிய பெண்ணுக்கு அது பாதாளம். அவள் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டாம் நாள் காட்சி. கப்பலில் ஒளிந்து ஊரைவிட்டு ஓடும் பையன் நான். பாட்டில் மேல் ஸ்தாயியை எட்டும் இடம் ஒன்றே ஒன்று. அங்கே குரல் இரண்டாகப் பிளந்தது. பாதி என்னுடையது, பாதி சேவலுடையது. ஒரு நொடி அமைதி. பிறகு, பாட்டு முடியாமலிருக்கும்போதே, கைதட்டினார்கள். “பரவாயில்லை தம்பி, பாடு” என்று யாரோ குரலும் கொடுத்தார்கள். எல்லாம் நல்ல மனத்தோடுதான். ஆனால் அந்தக் கைதட்டல் கேட்டதும் கப்பலும் கடலும் போய்விட்டன; கப்பலில் ஓடியவனும் போய்விட்டான். தொண்டை கட்டிய ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் விளக்கு வெளிச்சத்தில் விழித்துக்கொண்டு நின்றான். மீதிப் பாட்டை அவன்தான் பாடி முடித்தான்.

நான்காம் நாளும் அதே இடத்தில் உடைந்தது. இந்த முறை தயாராக இருந்தேன். அடுத்த வரியைப் பாடாமல் பேசினேன். ஒரு கை தட்டவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இரண்டு நிமிடம் கழித்து வந்த நகைச்சுவைக்கு வழக்கம்போல் சிரித்தார்கள். என் கலையுலக வாழ்க்கை மொத்தம் ஆறு காட்சி. அதில் எனக்குக் கிடைத்த மரியாதை என்றால் அன்று தட்டாமல் இருந்த அந்தக் கைகளைத்தான் சொல்வேன். முதலில் எழுதியவருக்கு ஏன் சுருக்கென்றது என்று எனக்குப் புரிகிறது.

மூன்றாவது வரிசை, நடு இருக்கை

மகரக்கட்டு என்ற சொல்லைப் பார்த்ததும் கை பரபரத்துவிட்டது. பழைய நாடக வரலாறு படிக்கும் பைத்தியம் எனக்கு உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். நடித்தவர்கள் சிறுவர்கள். ராஜாவும் சிறுவன், ராணியும் சிறுவன், கிழவனும் சிறுவன். பாட்டுத்தான் நாடகமே. டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னஞ்சிறு வயதில் சேர்ந்தது இந்தச் சபையில்தான். எம்.ஜி.ஆர். வளர்ந்ததும் இன்னொரு பாய்ஸ் கம்பெனியில். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த கூட்டத்துக்குப் பாட்டுப் பிடித்தால் ‘ஒன்ஸ்மோர்’; பையன் மூச்சு வாங்கினாலும் திரும்பப் பாடியாக வேண்டும். குரல் உடைந்துவிட்டால் அதுவரை போட்ட வேடம் கையைவிட்டுப் போகும். அந்தக் கடுமையை நான் மெச்சவில்லை. ஆனால் ‘பிள்ளைகள்தானே’ என்ற இரக்கம் அங்கே நுழையவில்லை என்பதையும் மறக்க முடியவில்லை.

வெளியுலகக் கதை ஒன்றும் உண்டு. நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் 2008இல் ‘13’ என்ற இசை நாடகம் வந்தது. நடித்தவர்கள் அத்தனை பேரும் பதின்வயதினர், வாத்தியக் குழுவிலும் பதின்வயதினரே. பின்னாளில் உலகமறிந்த பாடகியான அரியானா கிராண்டே அந்தக் குழுவில் ஒருத்தி. 105 காட்சிகளில் நாடகம் இறங்கிவிட்டது. சிறுவர்கள் என்பதற்காக யாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டிருக்கவில்லை. மறுபுறம் ‘பில்லி எலியட்’ இசை நாடகத்தைப் பாருங்கள். தலைப்புப் பாத்திரத்தை மாறி மாறி ஏற்ற மூன்று பையன்களுக்கும் சேர்த்து 2009இல் சிறந்த நடிகருக்கான டோனி விருதை, பிராட்வே நாடகங்களுக்கான பெரிய விருதை, கொடுத்தார்கள். ‘மாடில்டா’ இசை நாடகத்தில் மாடில்டாவாக நடித்த நான்கு சிறுமிகளுக்கு 2012இல் லண்டன் நாடக உலகின் ஆலிவியர் விருது. குழந்தை நட்சத்திரம் என்று ஓரமாக ஒரு கோப்பையை நீட்டிவிடாமல், பெரியவர்கள் வாங்கும் அதே விருதை அவர்கள் கையில் கொடுத்தார்கள்.

வாத்தியக் குழு, மேடைக்கு இடப்புறம்

எனக்கு மேடை தெரியாது. முன்வரிசை முகங்கள் மட்டும் தெரியும். கீபோர்டு வாசித்தேன், அப்போது வயது 16. எங்கள் டிரம்ஸ்காரனுக்கு 14. நாடகம் முடிந்ததும் ஒரு பெரியவர் தடுப்புக்குமேல் எட்டி எங்கள் பின்னால் பார்த்தார். என்ன தேடுகிறீர்கள் என்றதற்கு, “வாசித்தவர்களை” என்றார். ‘ஸ்கூல் ஆஃப் ராக்’ இசை நாடகத்தில், பிள்ளைகள் உண்மையாகவே வாசிக்கிறார்கள் என்று ஆரம்பிக்கும் முன்பே ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவார்கள். அனுபவப்பட்டுத்தான் சொல்லியிருப்பார்கள்.

இனி நான் சொல்லவந்தது. ஒரு நாள் கதாநாயகியின் மைக் செத்துவிட்டது. நெற்றிமுடியில் ஒட்டவைக்கிற சின்ன மைக், வியர்வை இறங்கினால் போச்சு. பாட்டின் முதல் அடியில் குரல் இருந்தது, இரண்டாம் அடியில் உதடு மட்டும் அசைந்தது. எங்கள் ஆசிரியர் கையைத் தாழ்த்திக் காட்டினார். நாங்கள் வாசிப்பைக் கிசுகிசுப்பாக்கினோம். அப்போது முன்வரிசையைப் பார்த்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தார்கள். நாற்காலிகள் வரிசையாகக் கிறீச்சிட்டன. ஒரு அம்மா கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டார். இருமல்கூட இல்லை. அவ்வளவு பெரிய அரங்கில் அந்தப் பெண்ணின் வெறும் குரல், மெலிசாக, ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இந்த நிலையில் யாரோ மைக்கைச் சரிசெய்துவிட்டார்கள். பட்டென்று இடிபோலக் குரல் விழ, முன்வரிசை மொத்தமும் பின்னுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்குச் சிரிப்பு வந்து இரண்டு சுரம் தப்பாக வாசித்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

மாணவர்களோடு, பகல் காட்சி

ஆசிரியை நான். ஒரு முறை ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பகல் காட்சிக்கு அழைத்துப்போனேன். பெற்றோர் கூட்டம் வேறு, சம வயதுக் கூட்டம் வேறு. இவர்களிடம் தாட்சண்யம் பேச முடியாது. மேடையில் பையன் பெண்ணின் கையைப் பிடித்ததும் அரங்கம் முழுவதும் “ஓஓஓ” என்று ஒரே ஊளை. நான் எழுந்து முறைத்துப் பார்த்தேன், பலனில்லை. பெண் கையை உருவப் பார்த்தாள். பையன் விடவில்லை, பாடவும் இல்லை. ஊளை அடங்கும்வரை எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, எனக்கு நீண்டதாகத்தான் இருந்தது. ஒரு மூலையில் கடைசியாக ஒருவன் “ஓ” என்றான், அவனுக்கே வெட்கமாகிவிட்டது. அப்புறம்தான் பாட்டு. பஸ்ஸில் திரும்பும்போது ஊளையிட்டவர்களே அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

இடைவேளையில் எழுந்துபோனவர்

எல்லோரும் உருகுகிறீர்கள். நான் பார்த்த நாடகத்தில் 13 வயதுப் பிள்ளைகளை விவாகரத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பாடவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் மேல் குற்றமில்லை, எழுதியவரின் மேல்தான். ஒவ்வொரு பாட்டு முடிவிலும் சுற்றியிருந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். ஏழாவது முறை எனக்கு முழங்கால் வலித்தது. இடைவேளையில் அப்படியே வெளியேறிவிட்டேன். வாசலில் நின்ற பையன், டிக்கெட் கிழித்துக் கொடுப்பவன், அவனும் அந்தக் குழுவைச் சேர்ந்தவன் போலிருக்கிறது, “பிடிக்கவில்லையா?” என்று கேட்டான். “இல்லை” என்றேன். “எந்த இடத்தில்?” என்றான். நின்று கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவனுக்கும் இரண்டாம் பாதி பிடிக்காதாம்.

ஏழாவது வரிசை, நடைபாதை ஓரம்

எல்லாவற்றையும் அண்ணன் மகளுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்துபோனவர் எழுதியதைத்தான் இரண்டாவது முறை படிக்கச் சொன்னாள். “அத்தை, நாற்காலிக்குத் தட்டியது நீங்கள்தானே? உள்ளே எல்லோரும் என்னைக் கிண்டல் செய்தார்கள்” என்றாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

எனக்கு முன்னால் உட்கார்ந்து படம் பிடித்தவரைப் பற்றியும் அவளிடம் விசாரித்தேன். தாயாக நடித்த பெண்ணின் அப்பாவாம். அன்றிரவு வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மகளின் பாட்டு முழுவதும் பதிவாகியிருக்கிறது, படம் மட்டும் இல்லை. நான்கு நிமிடம் வெறும் கறுப்பு. ஆரம்பத்தில் அரங்கத்தின் சிரிப்பு கேட்கிறதாம், அது நிற்பதும் கேட்கிறதாம், பிறகு பாட்டு, நடுவில் எங்கோ அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம். வேறு பெற்றோர் அந்தக் காட்சியைத் தெளிவாக எடுத்து அனுப்பியும் இருக்கிறார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் போட்டுக் காட்டுவது அந்தக் கறுப்புப் பதிவைத்தானாம்.