பேஸ்பாலின் ‘பிட்ச்சர்’: தமிழில் என்ன சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

விளையாட்டு மருத்துவ மலர் ஒன்றுக்காக அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் டாமி ஜானின் வாழ்க்கையை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அவர் ‘பிட்ச்சர்’, அதாவது மட்டையாளரை நோக்கிப் பந்தை எறிபவர். ‘பந்துவீச்சாளர்’ என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் கிரிக்கெட்தான் எழும். இந்தக் கட்டுரைக்கு அது பெரும் கேடு.

1974 ஜூலையில், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடும்போது, அவருடைய இடது முழங்கையில் எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நார் அறுந்தது. செப்டம்பர் 25 அன்று மருத்துவர் ஃபிராங்க் ஜோப், வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து அங்கே பொருத்தினார். 1975 முழுவதும் அவர் ஆடவில்லை. 1976இல் திரும்பி, 46 வயதில் 1989இல்தான் ஓய்ந்தார். பிட்ச்சராக அவர் பெயரில் பதிவான 288 வெற்றிகளில் 164 அறுவைக்குப் பிறகு வந்தவை. மடங்கிய முழங்கை விரைந்து விரியும்போது அதைப் பக்கவாட்டில் இழுக்கும் விசைதான் அந்த நாரை அறுத்தது. கிரிக்கெட்டிலோ கை தோள் உயரம் வந்தபின் முழங்கையை 15 பாகைக்கு மேல் நிமிர்த்தக் கூடாது. சொல் தாருங்கள்.

— சென்னையிலிருந்து, க.

அன்புள்ள க.,

‘எறிநர்’ என்று எழுதுங்கள். வீசுதல் காற்றுக்கும் மணத்துக்கும் பொது. எறிதலில்தான் குறியும் விசையும் உண்டு. ‘களிறு எறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே’ என்பது புறநானூறு. ஓட்டுநர், பெறுநர் போல ‘ந்’ பெயரிடைநிலை பெற்று ‘அர்’ விகுதியில் முடியும். தயவுசெய்து யாரும் ‘எறினர்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘ஓட்டுனர்’ என்ற பிழையைப் பேருந்துகளில் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். தினைப்புனம் காத்தவர்களின் கவணை நினைத்தால் ‘கவணர்’ என்றும் சொல்லலாம்; ஆனால் அது கருவியின் பெயர், கையின் பெயர் அன்று.

— தஞ்சையிலிருந்து, புலவர் வ.

புலவர் ஐயாவுக்கு வணக்கம்.

நீங்கள் காட்டிய அடிக்கு முந்தைய அடியைப் பாருங்கள்; காளை வைத்திருப்பது ஒளிறு வாள். அது கையை விட்டுப் போவதில்லை. அங்கே எறிதல் என்றால் வெட்டி வீழ்த்துதல். வேல் கையை விட்டுப் போகும் இடத்தில் வள்ளுவர் ‘கைவேல் களிற்றொடு போக்கி’ என்றுதான் சொல்கிறார்.

எனக்கு இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. துடுப்பாட்டம் (கிரிக்கெட்) பார்த்து வளர்ந்த எங்களுக்கு ‘எறிகிறார்’ என்பது பழிச்சொல்; விதியை மீறி முழங்கையை நிமிர்த்துகிறார் என்று பொருள். 1995 டிசம்பரில் மெல்பர்னில் நடுவர் டேரல் ஹேர், முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று நோ பால் கொடுத்தார். 800 விக்கெட்டுகளோடு 2010இல் டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து அவர் விடைபெற்ற பின்னும் அந்தச் சொல் அவரை விடவில்லை. நேர்மையாக ஆடிய ஒருவரின் தொழிலுக்கு அதையே பெயராக வைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘பிட்ச்சர்’ என்றே இருக்கட்டும். விக்கெட்டை அப்படியே ஏற்றுக்கொண்ட தமிழுக்கு இது பாரமாகாது.

— யாழ்ப்பாணத்திலிருந்து, சி.

அன்பர்களே,

பள்ளி விளையாட்டு விழாவில் ஈட்டி எறிதல், வட்டு எறிதல் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறோம். அங்கே யார் மீதும் பழி விழுவதில்லை. கிரிக்கெட்டின் விதியை வேறோர் ஆட்டத்தின் மீது ஏன் ஏற்ற வேண்டும்? பேஸ்பாலில் எறிவதுதான் விதி.

கிளைக்காத சொல் வகுப்பறையில் நிலைக்காது. தொடக்கத்திலிருந்து எறிபவர், மரியானோ ரிவேரா போல முடிவில் வந்து வெற்றியைக் காப்பவர் (அவர் காத்தவை 652) ஆகிய எல்லாருக்கும் பெயர் வேண்டும். தொடக்க எறிவாளர், இறுதி எறிவாளர் என்றால் மாணவருக்கு உடனே விளங்கும். ‘எறிநர்’ இலக்கணப்படி சரிதான். ஆனால் முதல்முறை படிக்கும் பிள்ளை தடுக்கி நிற்கும். ‘எறிவாளர்’ பந்துவீச்சாளரின் வார்ப்பிலேயே இருக்கிறது.

க. அவர்களே, கட்டுரையில் சாண்டி கோஃபாக்ஸையும் சேருங்கள். அதே டாட்ஜர்ஸ் அணி, அதே இடது முழங்கை. 1965இல் 382 முறை மட்டையாளர்களை ‘ஸ்டிரைக் அவுட்’ (மூன்று ஸ்டிரைக்கில் ஆட்டமிழக்க) செய்தவர், மூட்டழற்சியால் 1966 ஆட்டப் பருவத்தோடு 30 வயதில் விலகினார். எட்டே ஆண்டுகளில் மருத்துவம் எவ்வளவு தூரம் வந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

— கோவையிலிருந்து, மா.

அனைவருக்கும் நன்றி.

கோஃபாக்ஸைச் சேர்த்துவிட்டேன். தனிமடல்களையும் எண்ணிப் பார்த்ததில் ‘எறிவாளர்’ பக்கமே பலர் இருக்கிறார்கள். அதையே எழுதுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘பிட்ச்சர் எனப்படும் எறிவாளர்’ என்று வரும். சி. அவர்களின் மறுப்பை மதித்து, கிரிக்கெட்டில் அந்தச் சொல்லுக்குள்ள கறையை ஒரு வரியில் விளக்கியிருக்கிறேன்.

— க.

அன்புள்ள க.,

அச்சுக்குப் போகிறது என்பதால் தடுக்கவில்லை. ஆயினும் நான்கு எழுத்தில் முடியும் சொல்லை ஐந்தாக நீட்டியதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். வாளைப் பற்றிச் சி. சொன்னதற்கும் விடை இருக்கிறது, விரிவாக எழுதுவேன். எறிவாளர் நிற்கும் மண்மேட்டின் உயரத்தை 1969இல் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள் என்று படித்தேன். அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? ‘எறிமேடு’ வேண்டாம். ‘திட்டை’ என்ற நல்ல சொல் இருக்கிறது.

— வ.