பெர்மாஃப்ராஸ்ட்: நிரந்தரமுமில்லை, பனியுமில்லை

அனைவருக்கும் வணக்கம்.

'பெர்மாஃப்ராஸ்ட்' என்ற சொல்லுக்கு 'நிரந்தரப் பனி', 'நிலைத்த உறைபனி' என்று எழுதி வருகிறோம். இரண்டையும் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது 0°செ. அல்லது அதற்குக் கீழான வெப்பநிலையில் இருக்கும் நிலம் என்பதுதான் வரையறை. அது மண்ணாக இருக்கலாம், மணலாக இருக்கலாம், வெறும் பாறையாகவும் இருக்கலாம். அதற்குள் பனிக்கட்டி இருந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

நமக்கு 'உறைபனி' என்றால் டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியில் விடிகாலையில் வெள்ளையாகப் படர்ந்து, வெயில் ஏறியதும் மறைந்துவிடுவது. சைபீரியாவின் யாகூத்ஸ்க் நகரில் 19ஆம் நூற்றாண்டில் தண்ணீருக்காகக் கிணறு தோண்டினார்கள். 116 மீட்டர் போயும் உறைந்த நிலம் முடியவில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் படிப்பவர் மனத்தில் தவறான படம்தான் விழும்.

'நிரந்தரம்' அதைவிட மோசம். நிரந்தரமில்லை என்பதால்தானே இதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம்! ரஷ்யர்கள் முதலில் 'நித்திய உறைவு' என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள். இப்போது அவர்களுடைய அறிவியல் நூல்களில் 'பல ஆண்டு உறைந்த நிலப்பொருள்' என்ற பொருள்படும் சொல் வந்துவிட்டது. சீன மொழியிலும் 'பல ஆண்டு உறைமண்' என்றே இருக்கிறது.

என் பரிந்துரை: பல்லாண்டு உறைநிலம்.

இதோடு ஒரு வினைச்சொல்லையும் திருத்த வேண்டும். 'பெர்மாஃப்ராஸ்ட் உருகுகிறது' என்று எழுதுகிறோம். ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்த மீன் உருகுவதில்லை, இளகுகிறது. அதில் ஒட்டியிருக்கும் பனிக்கட்டிதான் உருகுகிறது. நிலமும் அப்படித்தான். ஆகவே 'உறைநில இளகல்'.

*

ஐயா, வணக்கம்.

'பனி'யைக் கழற்றியது சரி. தேங்காய் எண்ணெயும் நெய்யும் உறைவதற்குப் பனி தேவைப்படுவதில்லையே. ஆனால் மூன்று இடங்களில் தயக்கம் இருக்கிறது.

> பல்லாண்டு உறைநிலம்

ஒன்று, உறைதல் என்றால் வாழ்தல் என்றும் பொருள். உறைவிடம், உறையுள் என்றெல்லாம் சொல்கிறோம். 'உறைநிலம்' என்பதைக் குடியிருக்கும் நிலம் என்று ஒருவர் படித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு, வரையறை கேட்பது இரண்டே ஆண்டு. அதற்குப் 'பல்லாண்டு' பொருந்துமா? மூன்று, மேலே கோடையில் இளகி குளிர்காலத்தில் மீண்டும் உறையும் அடுக்கு இருக்கிறதே, அதற்கு என்ன பெயர்? ஆங்கிலத்தின் 'ஆக்டிவ் லேயர்' என்பதற்கு 'செயல்படு அடுக்கு' என்ற நேர்பெயர்ப்பு எதையும் உணர்த்தவில்லை.

மூன்றாவதுதான் பொறியாளர்களுக்கு முக்கியம். பெரும்பாலான சேதம் அந்த அடுக்கு ஆழமாவதில்தான் தொடங்குகிறது. அதன் தடிப்பு இடத்துக்கு இடம் சில பத்து சென்டிமீட்டரிலிருந்து சில மீட்டர் வரை மாறும். சூடேறும் கட்டடத்தை நேரடியாகத் தரையில் வைத்தால் அடியிலுள்ள பனிக்கட்டி உருகி, மண் ஒரே சீராக இறங்காமல் மூலைக்கு ஒரு விதமாக இறங்கும், சுவர் பிளக்கும். அதனால்தான் யாகூத்ஸ்கில் கட்டடங்களைத் தூண்களில் தூக்கி நிறுத்தி, அடியில் குளிர்காற்று ஓட இடம் விடுகிறார்கள். அலாஸ்காவில் 1,287 கி.மீ. எண்ணெய்க் குழாயின் பாதிக்கும் மேற்பட்ட நீளம் தரைக்கு மேலே போகிறது. தாங்கும் தூண்கள் பலவற்றில் அம்மோனியா அடைத்த குழல்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் அடியிலுள்ள அம்மோனியா மண்ணின் சூட்டை வாங்கி ஆவியாகி மேலே ஏறும். உச்சியிலுள்ள தகடுகளில் சூட்டை விட்டுக் குளிர்ந்து திரவமாகித் திரும்பும். கோடையில் மேலே சூடு அதிகம் என்பதால் சுழற்சி தானாக நின்றுவிடும். பம்பு வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஆனால் குளிர்காலமே சுருங்கினால் இந்தக் குழலுக்கு வேலை நேரம் குறைந்துவிடுமே!

*

அம்மா, நன்றி. வரிசையாகச் சொல்கிறேன்.

'உறைநிலை' பள்ளிப் பாடநூலிலேயே வேரூன்றிவிட்டது. அதை யாரும் குடியிருக்கும் நிலை என்று படிப்பதில்லை. 'உறைநிலம்' அதன் பக்கத்தில் தானாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அது வினைத்தொகை. உறைந்த, உறைகின்ற, உறையும் என்று மூன்று காலமும் அதில் அடங்கும். பருவத்துக்கு உறைந்து விடுபடும் நிலத்தையும் அது குறித்துவிடும் என்பதால் 'பல்லாண்டு' என்ற அடையைக் கழற்ற முடியாது. இரண்டு எப்படிப் பல ஆகும் என்கிறீர்கள். இருமை எண் வடமொழிக்கு உண்டு. தமிழில் ஒன்றைத் தாண்டினால் பன்மைதான்.

மேலடுக்குக்குக் 'கோடை இளகடுக்கு' என்று வைக்கலாம். ஆழமாகிறது என்று எழுதும்போதே என்ன நடக்கிறது என்று புரியும்.

இளகலை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், சிக்கல் பனிக்கட்டியோடு நிற்பதில்லை. வடதுருவப் பகுதி உறைநிலங்களில் மட்டும் 1,460 முதல் 1,600 கிகா டன் வரை (ஒரு கிகா டன் என்பது நூறு கோடி டன்) கரிமம் இருப்பதாக மதிப்பீடு. இன்று வளிமண்டலத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. இளகிய இடத்தில் தண்ணீர் வடிந்து காற்று புகுந்தால் நுண்ணுயிர்கள் அதைக் கரியமில வாயுவாக்கும். தண்ணீர் தேங்கினால் மீத்தேனும் வரும். புவி ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் 2100க்குள் இதிலிருந்து வரும் கரியமில வாயுவில் சுமார் 18 கிகா டன் கரிமம் இருக்கும் என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாம் அறிக்கை. 3 முதல் 41 வரை என்று வீச்சு மிகப் பெரியது. நாடுகள் ஐ.நா.வுக்குத் தரும் உமிழ்வுக் கணக்கு மனிதர் கையாளும் நிலத்தோடு நிற்பதால், ஆளில்லாத் துந்திராவிலிருந்து கிளம்பும் வாயு எந்த நாட்டின் பேரேட்டிலும் ஏறுவதில்லை. ரஷ்யாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உறைநிலம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பழி போடவும் இந்தச் சொல் பயன்படுகிறது. 2020 மே 29 அன்று ரஷ்யாவின் நோரில்ஸ்க் நகர் அருகே எரிபொருள் தொட்டி சரிந்து சுமார் 21,000 டன் டீசல் கொட்டியது. உரிமையாளர் தரப்பு இளகலைக் காரணம் காட்டியது. கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் குறைகள் இருந்ததாக அரசின் கண்காணிப்பு அமைப்பு சொன்னது. 'நிரந்தரப் பனி உருகியது' என்று எழுதினால் யாரும் பொறுப்பில்லாத இயற்கைச் சீற்றம் போலத் தொனிக்கிறது. 'உறைநிலம் இளகியது' என்றால் அதன்மேல் தொட்டியை வைத்தவர் யார், அடித்தளத்தைக் கடைசியாக எப்போது சோதித்தார் என்ற கேள்வி உடனே எழும்.

நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க: பல்லாண்டு உறைநிலம்; கடலடி உறைநிலம் (லாப்தேவ் கடலுக்கடியில் இருப்பது); உறைநில இளகல்; கோடை இளகடுக்கு. உறைநிலத்துக்கு நடுவே உறையாமல் கிடக்கும் பகுதியைத் 'தாலிக்' என்றே வைத்துக்கொள்வோம். உலகமே அந்த ரஷ்யச் சொல்லைத்தான் ஆள்கிறது. பனிக்கட்டி உருகி நிலம் உள்வாங்கிக் குழிகளும் ஏரிகளுமாக மாறும் 'தெர்மோகார்ஸ்ட்'டுக்கு 'இளகுபள்ளம்' என்று மனதில் இருக்கிறது. சரிவு நிலத்தில் மண் வழிந்து இறங்குவதை அது உணர்த்தவில்லை. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.