மனம் குழம்பினால் முதலில் எங்கே: கோயிலா, கிளினிக்கா?

கொக்குவில் வாசி:
நேற்று ஒரு செத்தவீட்டில் கேட்ட பேச்சு இது. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் மூன்று மாதமாக நித்திரையில்லாமல் தனக்குள்ளே கதைத்துக்கொண்டிருக்கிறான். செய்வினை, அதை எடுக்கக் கழிப்புக் கழித்தால் சரியாகிவிடும் என்று நான்கு பேர் சொன்னார்கள். மருந்து என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நம் சனத்தின் மனநலத்தைக் கெடுப்பது கோயிலும் சாத்திரியும்தான் என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

சந்நிதி அடியான்:
தம்பி, ஒரு வெள்ளிக்கிழமை தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்கு வாருங்கள். வீட்டில் ஒரு பிடி சோறு உண்ணாத மனிதர் மடத்தில் வரிசையோடு வரிசையாக இருந்து உண்பதைக் காட்டுகிறேன். அவருடைய நோய்க்கு அங்கே யாரும் பெயர் வைப்பதில்லை. வந்தாயா, இரு, சாப்பிடு, அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற தாதி:
ஐயா சொல்லும் சோறு உண்மை. ஆனால் என் அண்ணன் மகன் எட்டு மாதம் கோயில் கோயிலாக இழுபட்ட பிறகுதான் மருந்துக்கு வந்தான். முதுகில் ஒரு பூசாரியின் பிரம்புத் தழும்பு. மனச்சிதைவு நோயில் மருந்து தொடங்கப் பிந்தப் பிந்த மீள்வது கடினம். தெற்கில் வேலை செய்தபோது ஒரு சிங்களத் தாயைக் கண்டேன். மகனின் மணிக்கட்டில் பிக்கு ஓதிக் கட்டிய பிரித் நூல். பேயோட்டத் தொவில் சடங்கு ஆடிய கடன் இன்னும் அடைபடவில்லை. என் அண்ணியே முன்னால் நிற்பது போலிருந்தது.

கொக்குவில் வாசி:
இதைத்தானே அக்கா நானும் சொன்னேன்!

ஓய்வுபெற்ற தாதி:
இல்லை தம்பி. யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் உளமருத்துவர்தான். அவரே மனத்தை ஆற்றும் பயிற்சியாகச் சைவருக்கு மந்திரத்தையும் கத்தோலிக்கருக்குச் செபமாலையையும் முஸ்லிம்களுக்கு இறைவன் பெயரைத் திரும்பத் திரும்ப ஓதும் திக்ரையும் பௌத்தருக்கு மூச்சுத் தியானத்தையும் பரிந்துரைத்தார். அவரும் சாத்திரியா?

சோனகதெருக்காரன்:
1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களான எங்களைப் புலிகள் இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு அனுப்பினார்கள். புத்தளம் முகாமில் உம்மா விடியும்வரை தஸ்பீஹ் மணி உருட்டுவார். எந்தக் கிளினிக் அப்போது அங்கே இருந்தது? மனம் உடையாமல் இருந்தாரா என்று கேட்டால், இல்லை. எழும்பி அடுப்பு மூட்டினார்.

வடமராட்சி அக்கா:
என் தம்பி 2009இல் காணாமற்போனவன். கிளினிக்கில் கொடுத்த குளிசையால் அம்மாவுக்கு நித்திரை வந்தது, மறுக்கவில்லை. இறந்து 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டியைத் தம்பிக்குச் செய்வதா விடுவதா என்பதற்குக் குளிசை இல்லையே. 31ஆம் நாளை எண்ணுவதற்கு முதலாம் நாள் தெரியவேண்டும். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் அண்ணன் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தபோது, வேறு பெயர் சொல்ல இருக்கிறதா என்று ஐயர் கேட்டார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தலையை அசைத்தார். ஆம் என்றா, இல்லை என்றா, எனக்கு இன்றுவரை தெரியாது.

லண்டன் மருமகள்:
இங்கே மாமி, முருகன் தன்னோடு கதைப்பதாக வெள்ளைக்கார வைத்தியரிடம் சொல்லிவிட்டார். அவர் உடனே நோய் என்று எழுதத் தொடங்கினார். விரதக் காலத்தில் மட்டுமா, வீட்டு வேலை நடக்கிறதா என்று கேட்கவே இல்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேட்டில், தன் துன்பத்தை நோயாளி எப்படி விளங்கிக்கொள்கிறார் என்று கேட்பதற்கே தனி நேர்காணல் இருக்கிறது.

கொக்குவில் வாசி:
செபமாலை, திக்ரு எல்லாம் சரி. பிரம்படிக்கு என்ன பதில்?

சந்நிதி அடியான்:
பிரம்பெடுக்கும் இடம் எனக்குக் கோயில் இல்லை. ஆனால் அந்தத் தாய் ஏன் முதலில் பூசாரியிடம் ஓடுகிறாள்? விசர் ஆஸ்பத்திரிக்குப் போன வீட்டில் நீங்கள் பெண் எடுக்கமாட்டீர்கள். கோயிலுக்குப் போனால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

கொக்குவில் வாசி:
இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஐயா.

ஓய்வுபெற்ற தாதி:
அந்தப் பெடியன் சாப்பிடுகிறானா? தனியே விடாதீர்கள். கோயிலுக்குப் போகாதே என்று மட்டும் தாயிடம் சொல்லிவிடாதீர்கள், பிறகு உங்கள் பேச்சு எடுபடாது.

கொக்குவில் வாசி:
ஞாயிற்றுக்கிழமை கழிப்புக்கு நாள் வைத்துவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற தாதி:
இன்று வியாழன். நாளைக்குக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். வேண்டுமானால் நானும் வருகிறேன்.