மறு: திடீர்ச் சிசு மரணம் – வைரஸ் சோதனைச் சொற்கள்

அனைவருக்கும் வணக்கம். நம் சொல்லடைவில் 'சடன் இன்ஃபன்ட் டெத் சிண்ட்ரோம்' (SIDS) என்பதற்கும் அதையொட்டிய வைரஸ் சோதனைகளுக்கும் என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> சிண்ட்ரோமுக்குக் 'கூட்டறிகுறி' இருக்கிறதே. திடீர்ச் சிசு மரணக் கூட்டறிகுறி என்றே வைத்துவிடலாமே?

ஐயா, இங்கே அது ஒட்டாது. இதில் அறிகுறி என்று ஒன்றுமே கிடையாது. நன்றாக இருந்த, ஒரு வயது நிரம்பாத குழந்தை தூக்கத்தில் இறந்துவிடுகிறது. முழு உடற்கூறாய்வு, இறந்த இடத்தின் சோதனை, மருத்துவ வரலாறு மூன்றையும் அலசியும் காரணம் கிடைக்காவிட்டால்தான் இந்தப் பெயர். 1991-இல் அமெரிக்க வல்லுநர் குழு வகுத்த வரையறை அப்படி. ஆகவே 'காரணம் அறியாத் திடீர்ச் சிசு மரணம்' என்கிறேன். நீளம்தான், ஆனால் இல்லாத அறிகுறியைச் சொல்லவில்லை. 'சிசு'வுக்குப் பதில் 'குழவி' கேட்டவர்களுக்கு: சிசு மரண விகிதம் என்று நாளிதழ்கள் வரை பழகிவிட்டது, விட்டுவிடுவோம்.

எனக்கு உண்மையில் உறுத்துவது, பிசிஆர் (PCR) என்ற ஆய்வகச் சோதனைக்குச் சொல்லடைவில் வைத்திருக்கும் 'வைரஸ் தொற்று கண்டறிதல்' என்ற வரி. பிசிஆர் என்ன செய்கிறது? இதயத் தசைத் துணுக்கில் வைரஸின் மரபுப்பொருள் துளி இருந்தாலும் பல கோடி மடங்காகப் பெருக்கிக் காட்டிவிடும். (இதயத் தசையைத் தாக்கக்கூடிய எண்டிரோவைரஸின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. என்பதால் முதலில் டி.என்.ஏ.வாகப் படியெடுக்க வேண்டும்.) அந்த வைரஸ் செயலோடு இருந்ததா, குழந்தையைக் கொன்றதா என்பது அதற்குத் தெரியாது. சளி பிடித்துத் தேறிய குழந்தையின் மூக்கில்கூடச் சளி வைரஸான ரைனோவைரஸ் சில வாரம் தென்படும். இதைப் போய்த் 'தொற்று' என்று எழுதினால், அறிக்கையைப் படிக்கும் பெற்றோரும் காவல்துறையும் காரணம் கிடைத்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். பிசிஆர் முடிவுக்கு 'வைரஸ் தடம்' போதும்.

தொற்று என்று சொல்லத் திசுவும் சாட்சி சொல்ல வேண்டும். அதற்குத்தான் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி: சாயம் காட்டும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) மெல்லிய திசுச்சீவலில் ஒட்டவிட்டு, நோயெதிர்ப்பு செல்களான டி செல்களும் மேக்ரோபேஜ்களும் எங்கே குவிந்திருக்கின்றன, அதாவது அழற்சி இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு வைத்திருக்கும் 'நோயெதிர்ப்புத் திசுவேதியியல்' பாடத்தின் பெயர் மாதிரி இருக்கிறது, மேசையில் நடக்கும் வேலையின் பெயராக இல்லை. 'எதிர்ப்பொருள் சாயமேற்றம்' என்று வைத்தால் என்ன? ஜெர்மனியின் பான் நகரச் சட்டமருத்துவர்கள் இத்தகைய குழந்தைகளின் இதயத் தசையை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட கட்டுரையில் பிசிஆரையும் இதையும் சேர்த்தே பயன்படுத்தினார்கள்.

தடமும் இருந்து, அழற்சியும் உறுதியாகி, வேறு காரணமும் இல்லையென்றால் அது 'வைரஸ் இதயத்தசை அழற்சி'. அப்போது அந்த மரணம் நம் தலைப்பிலேயே சேராது, காரணம்தான் தெரிந்துவிட்டதே! இந்த விளக்கம் சொல்லடைவில் ஒரு வரியாக இருக்க வேண்டும்.

உயிருள்ள செல்களில் வைரஸை வளர்த்துப் பார்ப்பதற்கு 'வளர்ப்புச் சோதனை' என்று வைத்ததில் எனக்கு மறுப்பில்லை. இறந்து நேரமாகிவிட்டால் வைரஸ் வளராமலே போகலாம் என்ற குறிப்பை மட்டும் சேருங்கள்.

தீநுண்மியா வைரஸா என்ற பழைய சண்டையைத் தயவுசெய்து வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.