குமிழி வரைபடத்தில் இலங்கையைக் காணோம், எங்கே தப்பு?

கேள்வி:
பிளாட்லியில் (நிரல் எழுதி வரைபடம் போடும் கருவி) உலக நாடுகளை வைத்து ஒரு குமிழி வரைபடம். எக்ஸ் அச்சில் தலைக்கு வருமானம், ஒய் அச்சில் சராசரி ஆயுள், குமிழி அளவு மக்கள்தொகை. இந்தியாவும் சீனாவும் படத்தை அடைத்துக்கொள்கின்றன, இலங்கை ஊசிமுனையாகிவிட்டது. ஏழை நாடுகள் எல்லாம் இடது ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று. புள்ளிகளை வரையும் 'கோ.ஸ்கேட்டர்'தான் பயன்படுத்துகிறேன், மக்கள்தொகையை ஒரு எண்ணால் வகுத்து 'சைஸ்' ஆகக் கொடுத்தேன். வேறெதுவும் செய்யவில்லை.

பதில் 1:
'சைஸ்மோட்' (அளவை விட்டமாக எடுப்பதா, பரப்பாக எடுப்பதா என்ற அமைப்பு) சொல்லாமல் விட்டால் 'கோ.ஸ்கேட்டர்' உங்கள் எண்ணை விட்டமாக எடுத்துக்கொள்ளும். கண் பார்ப்பதோ பரப்பை. இந்தியா சுமார் 140 கோடி, இலங்கை 2.2 கோடி, ஏறத்தாழ 64 மடங்கு. விட்டமே 64 மடங்கானால் பரப்பு 4,096 மடங்கு! இந்தியாவுக்கு 80 பிக்சல் என்றால் இலங்கைக்கு 1.25 பிக்சல்தான் மிஞ்சும். பரப்பாக மாற்றினால் 10 பிக்சல் கிடைக்கும்.

'சைஸ்மோட்'-ஐ 'ஏரியா' ஆக்குங்கள். மக்கள்தொகையை வகுக்காமல் அப்படியே கொடுங்கள். குமிழிகளின் அளவுகோலான 'சைஸ்ரெஃப்' = 2 × அதிகபட்ச மதிப்பு ÷ (வேண்டிய விட்டம்)². 140 கோடிக்கு 80 பிக்சல் வேண்டுமென்றால் 4,37,500. எக்ஸெலில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே தொடக்க அமைப்பே பரப்புதான்.

பதில் 2:
இடது ஓர நெரிசலுக்குக் காரணம் வருமான அச்சு. அதை லாக் (மடக்கை) அச்சு ஆக்குங்கள். 1,000 டாலர் 2,000 ஆவதும் 20,000 டாலர் 40,000 ஆவதும் ஒரே தூரமாகத் தெரியும். கேப்மைண்டர் நிறுவனத்தின் புகழ்பெற்ற வருமானம்-ஆயுள் படத்தில் இருப்பதும் லாக் அச்சுதான். பிறகு தரவை மக்கள்தொகைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். முதலில் வருவது அடியில் போகும், எனவே சிறிய நாடுகள் மேலே நிற்கும். ஒளிபுகாத் தன்மை ('ஒபாசிட்டி') 0.6, ஒரு பிக்சல் வெள்ளை விளிம்பு. நிறம் கண்டத்துக்கு மட்டும். நாட்டுக்கொரு நிறம் கொடுத்தால் ஹோலிப் பண்டிகைதான்.

கேட்டவர்:
பரப்பு சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் லாக் ஆக்கி 'ரேஞ்ச்' (அச்சின் வரம்பு) 500 முதல் 1,00,000 என்று கொடுத்ததும் படமே காலி.

பதில் 2:
லாக் அச்சில் 'ரேஞ்ச்'-க்கு டாலரைக் கொடுக்கக் கூடாது, பத்தின் அடுக்கைக் கொடுக்க வேண்டும். 500-க்கு 2.7, ஒரு லட்சத்துக்கு 5. நீங்கள் கொடுத்ததை அது 10-இன் 500-ஆம் அடுக்கு என்று படித்திருக்கிறது.

பதில் 3:
இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. குமிழி அளவுக்கான குறிவிளக்கத்தை 'கோ.ஸ்கேட்டர்' தானாகத் தராது. மூலையில் மூன்று சாம்பல் வட்டங்களை நீங்களே போடுங்கள்: மேலே சொன்ன அளவுகோலில் 100 கோடிக்கு 68 பிக்சல், 10 கோடிக்கு 21, 1 கோடிக்கு 7. 'சைஸ்மின்' (குறைந்தபட்ச குமிழி அளவு) வைத்துச் சின்ன நாடுகளைப் பெரிதாக்கினால் அவற்றின் குமிழி இந்த அளவுக்குப் பொருந்தாது, அதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

போக்குக்கோடு போடும் எண்ணமிருந்தால் வருமானத்தின் லாக் மதிப்பை வைத்துக் கணக்கிடுங்கள்; இல்லாவிட்டால் லாக் அச்சில் கோடு வளைந்து வரும். சாதாரண நேர்க்கோட்டுக் கணக்கில் சீனாவுக்கும் மாலத்தீவுக்கும் ஒரே எடை. பெரிய குமிழியைப் பார்ப்பவர் கோட்டை அதுதான் இழுக்கிறது என்று நினைப்பார். ஆயுளும் வருமானமும் மட்டும்தான் கேள்வி என்றால் மக்கள்தொகையைத் தூக்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் 7 பிக்சல் புள்ளி வைத்த வெறும் சிதறல் படமே போதும் என்பேன்.