அம்மா எதுக்கெடுத்தாலும் "இனிமே எனக்கென்ன"ன்னு சொல்றாங்க, வயசானா இப்படித்தானா?

மதுரைக்காரி:
அப்பா இருந்தப்ப அறுபதாம் கல்யாணத்த திருக்கடையூர்ல வச்சோம், கலசத் தண்ணி ஊத்தி திரும்ப தாலி கட்டி பேரப்பிள்ளைக எல்லாம் கால்ல விழுந்து, அம்மாவுக்கு அன்னிக்கு அவ்ளோ சந்தோஷம். அப்பா தவறுன பிறகு ஆளே மாறிட்டாங்க. வயசு 68தான், சுகர் கன்ட்ரோல்ல இருக்கு. ஆனா கலர் புடவை எடுத்துக் குடுத்தா பீரோவுல வச்சு பூட்டிடுறாங்க, வளைகாப்புன்னா மொதநாளே தலைவலின்னு படுத்துக்குறாங்க. அழறதுகூட இல்ல, கால் குடைச்சல், நெஞ்சு கனமா இருக்குன்னு மட்டும் சொல்றாங்க. ஈசிஜி எடுத்தாச்சு, நார்மல். வயசானா இப்படித்தான்னு அண்ணன் சொல்றாரு, எனக்கு மனசு ஒப்பல.

தேனிக்காரன்:
அக்கா, வயசு மேல பழி போடாதீங்க. அறுபது, எண்பதுன்னு நாம கொண்டாடுறது எல்லாம் ஜோடியா இருக்குறவங்களுக்குத்தான். புருஷன் போயிட்டா ஆரத்தி எடுக்கக்கூட கூப்பிடுறதில்ல. உங்கம்மா தலைவலின்னு படுக்குறது, யாராவது தள்ளி நிக்கச் சொல்றதுக்கு முன்னாடி தானே ஒதுங்கிக்கிறது. எங்க அக்கா மக வளைகாப்புல பெரியம்மா ஒருத்தங்க முகம் சுளிச்சாங்க, அவ "எனக்கு அம்மாச்சிதான் மொத வளையல் போடணும்"னு கைய நீட்டிட்டா, யாரும் வாயத் தெறக்கல. எங்கம்மாவுக்கு கை நடுங்குச்சு, ஆனா போட்டாங்க. அதுக்கப்புறம் விசேஷத்துக்கு கூப்பிட்டா வர்றாங்க.

வார்டு சிஸ்டர்:
அந்த வயசுக்காரங்க டாக்டர்கிட்ட மனசு சரியில்லன்னு வாய்விட்டு சொல்றது ரொம்ப கம்மிம்மா, அது உடம்பு வலியாத்தான் வெளிய வரும். தூக்கம், சாப்பாடு கொறஞ்சிருக்கான்னு கவனிங்க. மனச்சோர்வு வயசானா வர்ற இயல்பு இல்ல, அது வியாதி, சரி பண்ணலாம். சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திர பல வருஷமா சாப்பிட்டா வைட்டமின் பி12 கொறையலாம், கால் குடைச்சலுக்கு அதையும் ஒருதரம் பாத்துடுங்க. 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன் நம்பர், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
எனக்கு 71 ஆகுது. அமெரிக்காவுல ஒஹையோவுல 50 வயசு தாண்டுன 660 பேர வச்சு பெக்கா லெவி 2002ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, முதுமைய நல்லவிதமா நெனச்சவங்க மத்தவங்களவிட சராசரியா ஏழரை வருஷம் கூடுதலா வாழ்ந்திருக்காங்க. அந்த நெனப்பு தானா வராதும்மா, சுத்தி இருக்குறவங்க நடத்துறதுலதான் வரும். கால்ல விழுறோம், ஆனா வீட்டுல ஒரு முடிவு எடுக்கும்போது கேக்குறோமா? "நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்குறோம்"னு கரண்டியையும் சாவியையும் வாங்கிட்டா அந்த மனுசி நாள் பூரா என்ன செய்வாங்க? நாங்க கேக்குறது ஓய்வு இல்ல. உங்கம்மா கையில ஏதாவது ஒரு பொறுப்ப முழுசா குடுங்க, குறுக்க போகாதீங்க.

மதுரைக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சாவிய வாங்குனது நாங்கதான் சார், கஷ்டப்படக் கூடாதுன்னு. பி12 இதுவரைக்கும் பாக்கல, திங்கக்கெழம ரத்தம் குடுக்க கூட்டிட்டுப் போறேன். ஆவணில சித்தி மகளுக்கு வளைகாப்பு வருது, இன்னிக்கே அவளுக்கு போன் பண்றேன்.