லீட்-இன்: புகுதடமா, தலைமடையா?

அன்புள்ள குழுவினருக்கு,

கணினி நிரல்படி வெட்டும் சிஎன்சி ரவுட்டர் இயந்திரத்தை இயக்குபவர்களுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சமையல்மேடைக் கல்லில் சிங்க்குக்குத் திறப்பு வெட்டும் பாடத்தில் ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டேன்: லீட்-இன். டூல், அதாவது சுழன்று வெட்டும் முனை, வெட்டுக்கோட்டின் மேலேயே இறங்காமல், கழிவாக விழப்போகும் நடுப்பகுதியில் இறங்கி, அங்கிருந்து வளைந்து வந்து கோட்டோடு சேர்கிறதே, அந்தச் சின்ன வழி. 'நுழைவுப் பாதை' என்று எழுதியிருந்தேன். வரைவைப் படித்த மாணவர், "இந்த வழியாத்தான் மெஷின்கிட்ட போகணுமா?" என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பாதுகாப்புப் பாடத்தில் 'நுழைவுப் பாதையில் நிற்காதீர்கள்' என்று எழுதியதும் நான்தான். வேறு சொல் கொடுங்கள்.

---

அம்மா, புகுதடம். வெட்டி முடித்து விலகும் வழிக்கு விடுதடம். இரண்டும் வினைத்தொகை, ஒற்று மிகாது.

---

புகுதடம் ஏட்டுச் சொல். நம்மிடம் தலைமடை, கடைமடை இருக்கின்றனவே! நீர் வாய்க்காலுக்குள் புகும் இடம் தலைமடை, போய் முடியும் இடம் கடைமடை. யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

---

> யாருக்கும் விளக்கவே வேண்டாம்

ஐயா, கடைமடை என்றதுமே தண்ணீர் வந்து சேராத இடம்தான் நினைவுக்கு வரும். டூல் முனையில் தண்ணீர் விடாமல் பாய வேண்டிய வேலை இது. பையன் குழாயை மூடிவிடப் போகிறான்.

வளைசேர்வு எப்படி? வளைந்து சேர்வதுதானே.

---

பட்டறையில் நிற்பவன் சொல்கிறேன், வளைசேர்வு வேண்டாம். லீட்-இன் முழுக்க வளைவு இல்லை. நிரலில் ஜி41 என்ற கட்டளை போட்டால் டூல் தன் ஆரத்தின் அளவுக்குக் கோட்டின் இடப்பக்கம் விலகிக்கொள்ளும். அந்த விலகலை நேர்க்கோட்டு நகர்வில்தான் தொடங்க வேண்டும். வில்லில், அதாவது வட்ட வளைவில், தொடங்கினால் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் அலாரம் அடித்து நின்றுவிடும். ஆக, முதலில் ஒரு நேர்த்துண்டு, அப்புறம்தான் வில். 12 மிமீ டூல் என்றால் நேர்த்துண்டு 6 மிமீயைவிட நீளமாக இருக்க வேண்டும், வில்லின் ஆரமும் அப்படியே.

இவ்வளவு சுற்றி வருவது ஏன் என்றால், கல் வளைந்து கொடுக்காது, விரிசல்தான் விடும். கோட்டின் மேலேயே டூலை இறக்கினால் இறங்கிய இடத்தில் வடு விழும், ஓரம் பொரிந்து பெயரும். மூலையருகே இறக்கினால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் மூலையை விட்டுத் தள்ளி நேர்விளிம்பில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். எந்தச் சொல் வைத்தாலும் சரி, 'கோட்டின் மேல் இறங்காதே, கழிவில் இறங்கு' என்பது பையனுக்குப் புரிந்தால் போதும். இங்கே எல்லோரும் 'லீட்' என்றுதான் சொல்கிறோம்.

---

புகுதடத்துக்கே என் ஓட்டு. ஒன்றைக் கவனித்தீர்களா? தொல்காப்பிய உரியியலில் 'தட' என்ற சொல்லுக்குப் பெருமையோடு கோட்டம் என்ற பொருளும் உண்டு. கோட்டம் என்றால் வளைவு! தடம் என்னும்போதே வில் உள்ளே வந்துவிடுகிறது. 'தடவு', 'தடாகம்' இவற்றையும் இந்த வேரில் வைத்துப் பார்க்கலாம். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

---

உரிச்சொல் 'தட' வேறு, வழியைக் குறிக்கும் 'தடம்' வேறு. இப்படியே போனால் தடந்தோளில் டூலைத் தூக்கி வைப்பீர்கள். தனி மடல் தனி மடலாகவே இருக்கட்டும்.

என் குறை வேறு. தடம் என்பது போன பிறகு பதிவது. இதுவோ போகுமுன் நிரலில் எழுதிவைப்பது. புகுவழி என்றால் என்ன கெட்டுப்போகும்?

---

புகுவழியும் வாசலைத்தானே காட்டும்? மாணவர் மறுபடி அதே கேள்வியைக் கேட்பார்.

---

எல்லோருக்கும் நன்றி. புகுதடத்துக்கு நான்கு பேர், தலைமடைக்கு ஒருவர், புகுவழிக்கு ஒருவர், 'லீட்' போதும் என்று ஒருவர். நேரமில்லாததால் 'லீட்-இன் எனப்படும் புகுதடம்' என்று முதல் இடத்தில் மட்டும் விரித்து எழுதி, பிறகு புகுதடம், விடுதடம் என்றே போட்டு அனுப்பிவிட்டேன்.

---

மன்னிக்கவும், இன்னொரு மடல். மெய்ப்புப்படி வந்திருக்கிறது. பதினோரு இடத்திலும் யாரோ அக்கறையாக ஒற்றுப் போட்டுப் 'புகுத்தடம்' ஆக்கியிருக்கிறார்கள்.

---

தலைமடை என்று வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை.